எட்டு மணிப் புகை

2014 பிப்ரவரி 25, காலை எட்டே முக்கால். மிச்சிகனின் வடக்கில், லூன் ஏரிக்கரையில், மைனஸ் பதினெட்டு டிகிரி.

“என்ன பெரியவரே, ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல செருப்பு? விசாரணைக்குப் போட்டுக்கிட்டு வர்ற உடுப்பா?”

கதவைத் திறந்த ஐலி கேட்டாள். வாசலில் எதிர்க்கரை ஆர்வோ நின்றிருந்தார். உறைந்த ஏரியின் குறுக்கே ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்த பனிச்சறுக்கு வண்டி. அதில் ஒரு கம்பளி.

இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஐலி வாட்டி வைத்திருந்த பதினான்கு மீன்களையும் ஆர்வோவின் நாய் தின்று தீர்த்த நாளோடு பேச்சு நின்றது.

“நல்லாத்தான் இருக்கே,” என்றார் ஆர்வோ.

“ஏன், உங்க புகார்லயே படுத்துடுவேன்னு நினைச்சீங்களா?”

ஐலியின் விறகடுப்புப் புகை ஏரியைச் சூழ்கிறது என்று ஊராட்சிக்கு ஒரு கடிதம் போயிருந்தது. இன்று பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். புகை கண்டால் அடுப்பைப் பிடுங்க வேண்டும். குளிர் முடிய இன்னும் இரண்டு மாதம். தனியாக இருப்பவளுக்கு வேறு சூடு கிடையாது.

“நான் எழுதலைம்மா.”

“அப்ப தினம் காலையில பைனாகுலரும் நோட்டுமா ஜன்னல்ல நிக்கிறீங்களே, என் புகைபோக்கியைப் பார்த்துக் கவிதை எழுதறீங்களா?”

ஐலி அவரை உள்ளே இழுத்து அடுப்பின் முன் நிறுத்தினாள்.

“புகைபோக்கிக்கு நேரா போற வழியை அடைக்கிற பைபாஸ் கதவு இது. சரியா மூடாமதான் அத்தனை புகையும் நேரா மேல போச்சு. நேத்து அடுப்பை ஆறவிட்டு, ரெண்டு கோட்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். கதவுல படிஞ்ச புகைத் தாரைச் சுரண்டினேன். விளிம்புல இடுக்கை அடைக்கிற கயிறை மாத்தினேன். பூட்டை இறுக்கினேன். இப்ப மூடினா புகை பூரா, புகையை எரிக்கிற வினையூக்கித் தட்டுக்குள்ள போய் அங்கேயே எரிஞ்சுடும்.”

“நல்லா மூடுதா?”

“காகிதம் வெச்சு மூடி இழுத்துப் பார்த்தேன். உங்க புகாரோட நகல்தான்.” பாதி கிழிந்த தாளை ஆட்டினாள். “கிழிஞ்சுதே தவிர வரலை. மீதி உள்ளேயே எரிஞ்சு சொர்க்கத்துக்குப் போயிடுச்சு.”

ஆர்வோ சிரித்துவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

“காலையில அடுப்பு மூட்டலையா?”

“எதுக்கு? ராத்திரி போட்ட கட்டையே இன்னும் கனன்னுக்கிட்டு இருக்கு. வெளியே போய்ப் பாருங்க, ஒரு இழை புகை இல்ல.”

“பார்த்தேன்,” என்றார். கையுறையைக் கழற்றி நாற்காலியில் போட்டு, ஐலி கொடுத்த காபியைக் குடித்தார். “ஆனா காலையில ஒரு பத்து நிமிஷமாவது அந்தக் கதவைத் திறந்து வெச்சாதான் அடுப்புக்கு நல்லது.”

ஐலி சிரித்த சிரிப்பில் அவள் காபி தரையில் கொட்டியது.

“புகார் கொடுத்தவரே புகை கேக்கறாரு. அதிகாரி வரட்டும், சொல்றேன். அது சரி, அந்த வண்டி எதுக்கு?”

“விறகுக்கு.”

“ஏரி நடுவுல எந்த மரத்தை வெட்டப் போறீங்க?”

ஆர்வோ கையுறையை எடுத்துக்கொண்டு, கம்பளி மட்டும் கிடந்த வண்டியை இழுத்தபடி நொண்டி நொண்டிப் போனார்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். இருபது நிமிடம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். புகை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“புகார் கொடுத்தது எதிர்க்கரைக்காரர்தானே?”

“பேர் சொல்லக் கூடாதும்மா. ஆனா குளிர்காலத்துல இங்க இருக்கிற ஆள் இல்ல.”

அதிகாரி போன பிறகுதான் ஐலி நாற்காலியின் கீழே அந்தச் சின்ன நோட்டைப் பார்த்தாள். கையுறையோடு விழுந்திருக்க வேண்டும். புரட்டினாள். ஒரு நாளைக்கு ஒரு வரி: ‘ஐலி வீடு, 8:04, புகை வந்தது.’ ‘8:01, வந்தது.’ ‘8:07, வந்தது.’ நாலு குளிர்காலம், ஒரு நாள் விடாமல்.

கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி.

‘8:10, புகை இல்லை. 8:20, இல்லை. 8:30, இல்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். வண்டியோட நானே போறேன்.’

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐலி பைபாஸ் கதவைத் திறந்து, ஈரக் கட்டை ஒன்றைப் போட்டாள். பத்து நிமிடம் கழித்து மூடினாள்.