மேடையில் கிடைத்த விருது

நாடகம் முடிந்ததும் பாதிரியார் அங்கியைக்கூடக் கழற்றாமல், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஓடி வந்தார் நடிகர். கையில் ஒற்றைச் செருப்பு.

“பாத்தியா? பதவியைக் காப்பாத்திக்க ஒரு அப்பாவிப் பொண்ணை ‘இவதான் சூனியக்காரி’ன்னு நான் கைகாட்டினேனா, இருட்டுல யாரோ வீசிட்டாங்க! நேரா நெஞ்சுல விழுந்துச்சு. ஒரு நடிகனுக்கு இதைவிட என்ன விருது வேணும்?”

அவள் முகம் மலரவில்லை.

“அந்த அப்பாவிப் பொண்ணு வேஷம் போட வேண்டியவ மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்து அழுதா. நாடகத்தை விட்டே துரத்திட்டாங்களாம்.”

“நாடகக் கம்பெனி முதலாளி கையைப் பிடிச்சு இழுத்தார்னு புகார் சொன்னா, சும்மா விடுவாங்களா? என்னைச் சாட்சி கேட்டாங்க. அவ பொய் சொல்றான்னுட்டேன்.”

“அதையும் சொல்லித்தான் அழுதா. நீங்கதான் கண்ணால பாத்தீங்களே! நேத்து எங்கிட்ட சொன்னீங்களே!”

“பாத்தேன்தான். அதுக்காக என் வேஷம் பறிபோகணுமா?”

அவள் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்த காலை முன்னால் நீட்டினாள். வெறுங்கால்.

“குடுங்க இப்படி. நான் அதைப் பாதிரியார் மேல வீசல.”