பிறை விழுந்த ஐந்து ரூபாய்

கல்லடியிலிருந்து மனைவி அஜந்தாவோடு வந்திருந்த உதயரூபனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காத்தான்குடியில் நாணயம் வாங்கி விற்கும், அண்ணன் முறையில் எல்லோரும் 'காக்கா' என்றழைக்கும் ஆதம்பாவா, அவன் கொண்டுவந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, இந்த அஞ்சு ரூவாக் குத்தி அச்சடிக்கக்குள்ளயே பிழைச்சதா, இல்லாட்டி ஆரும் பிறகு வெட்டினதா?"

"விளிம்பில பிறை மாதிரி ஒரு துண்டு இல்லதான். அச்சடிக்கிற இடத்துப் பிழையெண்டா, அதுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் மழுங்கி இரிக்கும். அப்பிடியெண்டா நல்ல விலை தருவன். ஆரும் வெட்டினதெண்டா அஞ்சு ரூவாதான்."

"எதிர்ப்பக்கம் எப்பிடி இரிக்கு?"

"படத்தில விளங்கல்ல தம்பி. குத்தியக் கையில தந்தாத்தான் சொல்லலாம்."

உதயரூபன் நெளிந்தான். "அது வெளியில வர ரெண்டு நாளாகும் காக்கா."

"ஏன், அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத் திறப்பத் துலைச்சிட்டீங்களா?"

அதற்குமேல் அஜந்தாவால் பொறுக்க முடியவில்லை.

"அலுமாரியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! பாண்காரனுக்குச் சில்லறை குடுக்க நான் அத எடுத்தன். இவர் பறிச்சு வாய்க்குள்ள ஒளிச்சவர். துப்புங்க எண்டு முதுகில ஒண்டு போட்டன். முழுங்கிற்றார்!"

ஆதம்பாவா எக்ஸ்ரே படத்தை மெல்ல உறைக்குள் போட்டு, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினார்.

"கையில தர வேணாம் தம்பி. வட்ஸ்அப்பில போட்டோ அனுப்பினாப் போதும்."