மழைத் தண்ணீர்

பத்து நாள் அடைமழை விட்ட காலை வெளிச்சத்தில் புதுச்சேரிக் கடல் செம்மண் நிறத்தில் புரள்கிறது. ஊர்ச் சாக்கடையெல்லாம் சேர்ந்த வாய்க்கால் கடலில் விழும் இடத்தில், முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள் கமலவேணி. அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இரண்டு பாட்டில்களை அலை கல்லில் அடித்து உடைத்துவிட்டது, கையிலிருப்பது கடைசி. இடுப்பளவு ஆழத்தில்தான் அதை நிரப்ப வேண்டும்.

"கோடையில வந்து எடுத்துக்கயேம்மா, கடல் சும்மா கெடக்கும்" என்கிறாள், கரையில் மீன்கூடையை அலசும் அமிர்தவல்லி.

"கோடையில எடுத்தாச்சுக்கா. அதுல கிருமி கம்மி. இந்தத் தண்ணிய எடுக்காம வுட்டா, வருஷம் பூரா கடல் சுத்தம்னு எழுதிடுவாங்க."

அமிர்தவல்லியின் கை நின்றுபோகிறது. போன வாரம் வாந்திபேதியில் ஆஸ்பத்திரிக்குப் போன அவள் மகள் இன்னும் எழுந்து நடக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கமலவேணியின் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறாள். "நீ போ. நான் வுடமாட்டேன்." அலை இருவர் மார்பிலும் மோதிச் சிதறுகிறது. கால் மணலில் நழுவுகிறது, பிடி நழுவவில்லை. கமலவேணி பாட்டிலை உள்ளே அமிழ்த்தி நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுகிறாள்.

கரையேறி, பாட்டிலில் கட்டுவதற்காகக் கரையில் ஈரம்படாமல் வைத்திருந்த சீட்டில் இடம், தேதி, நேரம் எழுதுகிறாள். 1984, நவம்பர் 12.

"எம் பொண்ணு பேரையும் அதுல எழுது."

சீட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அமிர்தவல்லியின் முகத்தைப் பார்க்கிறாள்.

"பேரு இன்னாக்கா?"

நேரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதுகிறாள்: பார்வதி, வயது நான்கு.