கிரேன் தேர்வு

சரக்கு முற்றம் வெயிலில் தகிக்கிறது. உயரக் கூண்டில் உட்கார்ந்து புதுக் கிரேனை ஓட்டிக் காட்டுகிறார் பழைய மேஸ்திரி. கீழே கையகலத் திரையோடு நின்று அவருக்கு மதிப்பெண் போடுகிறவளை ஒருகாலத்தில் எல்லார் முன்னாலும், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? இறங்கு!" என்று கூண்டிலிருந்து இறக்கிவிட்டவர் அவர்தான். வேறு ஊர் போய், விடாமல் படித்து, தேர்வு நடத்துகிறவளாகவே திரும்பி வந்திருக்கிறாள். இரும்புப் பெட்டி காற்றில் ஆடுகிறது. 'இடி, போய் இடி' என்று பல்லைக் கடிக்கிறாள். கம்பிவடம் முனகுகிறது. மேலே நரைத்த தலை குனிகிறது; இந்த வயதில் புதிதாய்ப் பழகிய விரல்கள் பிடியை மயிரிழை நகர்த்துகின்றன. ஆட்டம் அடங்கி, பெட்டி லாரிமேல் பூப்போல உட்காருகிறது. அவள் விரல் 'தோல்வி'யின் மேல் நிற்கிறது. தொட்டால் போதும், கேட்க ஆளில்லை. வயிறு எரிய எரிய 'தேர்ச்சி'யை அழுத்துகிறாள். வியர்வை சொட்ட இறங்கி வருகிறார் அவர். "உங்க கையில மாட்டினதும் தோத்தேன்னுதான் நெனச்சேம்மா." "நானும் அப்படித்தான் நெனச்சேன் மேஸ்திரி. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."