தொப்பி நாடா

ஒட்டி முடித்த அட்டைப்பெட்டிகளை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் குழந்தை உடைகளுக்கான தர விதியைத் திருத்திவிட்டார்களாம். சின்னப் பிள்ளைகள் சைஸ் சட்டையில், கழுத்தோடு சேர்த்துத் தைத்த தொப்பிக்கு நாடா கூடாது, அழகுக்கு வைத்ததுகூட. பெரிய சைஸில் இருக்கலாம்.

போன தடவை பொத்தான். அதற்கு முன்னால் சாயம்.

புதியம்புத்தூர் தையல் யூனிட்டில் தரம் பார்க்கிற சுந்தரேஸ்வரிக்கு மெயிலைப் படித்ததுமே அலுப்பாக வந்தது.

ஜன்னலை அடைத்தும் மேல்காற்று கரிசல் புழுதியைக் கொண்டுவந்து துணியில் போட்டது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நாடாவை உருவினார்கள்.

வெள்ளைத்தாய் மட்டும் முணுமுணுக்கவில்லை. குளத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

சாயங்காலம்தான் சுந்தரேஸ்வரி கவனித்தாள். வெள்ளைத்தாய் பெரிய சைஸிலும் நாடாவை உருவிப் போட்டிருந்தாள்.

"யக்கா, என்ன வேல பாத்து வச்சிருக்கீங்க? பெருசுல இருக்கலாம்னு எத்தன தடவ சொன்னேன்! சாம்பிள் மாதிரி இல்லன்னா சரக்கு அப்படியே திரும்பிரும்லா."

காலையில் லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள் பையை வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள். ஊக்கில் நாடாவை மாட்டி, தொப்பி மடிப்புக்குள் நுழைத்து, மறுபக்கம் இழுத்தார்கள்.

வெள்ளைத்தாய் ஊக்கைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள்.

சுந்தரேஸ்வரிக்குக் கோபம் தணிந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கை வலிக்காக்கா?"

வெள்ளைத்தாய் இல்லையென்று தலையாட்டினாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஸ்கூல் வேன்ல இருந்து இறங்கையில நாடா கதவுல மாட்டிக்கிட்டு. டிரைவர் பாக்கல, வண்டிய எடுத்துட்டாரு. எம்மவ போட்டிருந்ததும் பெரிய சைஸுதான் தாயி."

சுந்தரேஸ்வரி ஆபீஸ் அறைக்குப் போய்ச் சட்டை வாங்குகிற கம்பெனிக்கு மெயில் எழுதினாள். பெரிய சைஸிலும் நாடாவை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அங்கே இன்னும் ஆபீஸ் நேரம்தான். பதில் சீக்கிரமே வந்தது.

விதியில் அப்படி இல்லை. சாம்பிள்படி அனுப்பவும்.

வெள்ளைத்தாயை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, அவளுடைய பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் சுந்தரேஸ்வரி.

ஊக்கை எடுத்து நாடா கோக்க ஆரம்பித்தாள்.