கூட்டின் வாய்

கேமராவில் லென்ஸைத் திருப்பி மாட்டினால் சின்னதெல்லாம் பெரிதாகத் தெரியும். ஆனால் தெளிவு வர உடம்பைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். சுகுணா மூச்சை அடக்கி, கதவு நிலையில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை நோக்கி நெல்லளவு சாய்ந்தாள்.

"கலைச்சிடாதம்மா. குளவி கூடு கட்டுன வீட்டுல தொட்டில் ஆடும்," என்றாள் மாமியார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சுகுணா கூட்டுக்குள் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள். முட்டை தெரிந்தது. பிறக்கப்போகும் புழுவுக்கு இரையாகக் குளவி கொட்டிப் போட்ட சிலந்தியும் தெரிந்தது. அதன் ஒரு கால் மட்டும் துடித்தது.

"முட்டை இருக்கா?"

"இருக்கு அத்தை. சிலந்தியும் இருக்கு, உயிரோட."

கூட்டின் வாயை அடைக்க மண்ணோடு திரும்பிய குளவி, அவள் விரலில் உட்கார்ந்தது.

"கையை எடும்மா, கொட்டிடப்போவுது."

சுகுணா எடுக்கவில்லை. சிலந்தியின் கண்கள் தெளியும்வரை இன்னும் சாய்ந்தாள்.