மேலே போகாத சூடு

"கம்ப்யூட்டர்ல காஞ்ச மீனத்தான் இனி நாங்க சந்தைக்குக் கொண்டு போகணுமா?"

ஹாஜரா தட்டைத் தூக்கி றிஸ்னாவின் காலடியில் கொட்டினாள். நாற்றம் குப்பென்று அடித்தது. மீன் காயவில்லை, அவிந்து கிடந்தது.

எத்தாளை ஊர்ப் பெண்கள் கருவாடு போடுவதற்கென்று கட்டிய புதுக் கொட்டில் அது. விசிறி கிடையாது, கரண்ட் கிடையாது. கீழே நுழையும் காற்று வெயிலில் சூடாகி, தானாகவே மேலேறி, மீனின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு கூரை முகட்டில் விட்ட திறப்பால் வெளியே போய்விடும். கொழும்பில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து, படமும் போட்டு அனுப்பி அப்படிச் சொன்னவள் றிஸ்னா. கட்டி முடித்த பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள்.

"படத்துல சிவப்புக் கலர்ல சூடு மேல போச்சே புள்ள, இங்க ஏன் போகல்ல? சண்டைக் காலத்துல மன்னார்ல இருந்து விரட்ட, வெறுங்கையோட வந்தம். சண்டை முடிஞ்சும் திரும்பிப் போக ஏலல்ல. மணல்ல பாய விரிச்சு மீன் காயப் போட்டாவது பொழைச்சம். அதையும் விட வெச்சிட்டீங்களே."

றிஸ்னா வாயைத் திறப்பதற்குள் திட்ட அதிகாரி நௌஃபர் முந்திக்கொண்டார். தன் தலைக்கு வராத இடத்தில் அவருக்குக் கோபம் நன்றாகவே வரும்.

"நான் அப்பவே நினைச்சன். இந்தப் படமெல்லாம் சும்மா பொம்மை. நாளைக்கு இதுக்குக் காசு குடுத்த வெளிநாட்டுக்காரங்க பார்க்க வாராங்க. ரோட்டால போற பஸ்ஸுக்கும் தெரியட்டும் எண்டு அவங்கட பேரப் போட்டு எவ்வளவு பெரிய போர்ட் அடிச்சிருக்கன். இப்ப என்னத்தக் காட்டுற? கணக்குப் பிழை எண்டு நீங்களே எழுதிக் குடுங்க, மிஸ். கொட்டிலக் கழட்டிருவம்."

"கழட்டினா நாங்க எங்க போற?" ஹாஜராவின் குரல் உடைந்தது.

றிஸ்னா ஒரு சந்தனக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனாள். புகை நேராக மேலே ஏறியது. முகட்டில் முட்டியது. போக வழியில்லாமல் திரும்பி, மீன் தட்டுகளின் மேலேயே இறங்கியது.

விறுவிறுவென்று வெளியே வந்தவள், ரோட்டுப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஹாஜரா ராத்தா, ஏணியும் சுத்தியலும் கொண்டு வாங்க" என்றாள். பிறகு நௌஃபரிடம் திரும்பினாள்.

"வெயிலப் போட்டன், கடல் காத்தப் போட்டன், மீன்ட ஈரத்தையும் போட்டன், சேர். முகட்டுத் திறப்ப மூடி நீங்க அடிச்சிருக்கிற அந்த போர்ட்ட மட்டும்தான் கணக்குல போடல்ல."